மோகோ வி2 விமர்சனம்: லேபிள் பார்க்காமல் படித்த மாடல் கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் என்ன செய்கிறது?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாங்காய், தக்காளி, பட்டுக்கூடு, இலை நோய் என்று எதையாவது படம் எடுத்துக் கம்ப்யூட்டரை வைத்துத் தரம் பிரிக்கலாம் என்று யோசிக்கிறீர்களா? கையில் படம் நிறைய இருக்கிறது, ஆனால் எது என்ன தரம் என்று எழுதிவைத்த லேபிள் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், மோகோ வி2 மாடலைக் கண்டிப்பாக எடுத்துப் பாருங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன். குறைத்த அந்த ஒன்று நிறத்துக்காக. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாடல் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அதே காரணத்தால்தான் அது நிறத்தில் தடுமாறுகிறது.

மோகோவின் முதல் வடிவத்தை 2019 நவம்பரில் பேஸ்புக் ஏஐ ஆய்வுக் குழுவில் கைமிங் ஹே உள்ளிட்டவர்கள் வெளியிட்டார்கள், வி2 வந்தது 2020 மார்ச்சில். உள்ளே இருப்பது பலருக்கும் பழக்கமான ரெஸ்நெட்-50 என்ற, படம் பார்க்கும் நியூரல் நெட்வொர்க்தான், ட்ரெயினிங்கில் மாறிக்கொள்கிற சுமார் இரண்டரைக் கோடி எண்கள் அதற்குள் இருக்கின்றன. ட்ரெயினிங் முடித்த ஃபைலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரு படத்தைக் கொடுத்தால் 2048 எண்கள் கொண்ட ஒரு வரிசையைத் திருப்பித் தரும், அவ்வளவுதான் இதன் வேலை. இது மாங்காய், இது மாதுளை என்று பெயரெல்லாம் சொல்லாது. அந்த எண் வரிசையை வைத்து மேற்கொண்டு என்ன செய்வது என்பது நம் பொறுப்பு.

எங்களுக்கு இது எதற்கு என்றால், என் மாமா காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். தோத்தாபுரி, செந்தூரா, நீலம், அல்போன்சா, கொஞ்சம் மல்கோவா வரும். தோத்தாபுரியில் பெரும்பகுதி கூழ் தொழிற்சாலைக்குப் போய்விடும், சாப்பிடுகிற பழ ரகங்களைத் தனியாகப் பிரித்து வெளியூருக்கு அனுப்ப வேண்டும். அடிபட்ட காய், காம்பிலிருந்து பால் வடிந்து தோல் கருகிய காய், கரும்புள்ளி விழுந்த காய், ஈ குத்திய காய் எல்லாவற்றையும் கையால் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். இதற்குப் போன் கேமராவில் ஏதாவது செய்ய முடியுமா என்று விசாரித்தபோது ஒரு கம்பெனிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் லேபிள் போட்ட படம் கொடுங்கள் என்றார்கள். சீசன் நேரத்தில் மண்டியில் உட்கார்ந்து படத்துக்குப் படம் தரம் எழுதிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அதைவிடப் பெரிய சிக்கல், அனுபவமுள்ள இரண்டு பேரிடம் ஒரே காயைக் காட்டினால் ஒருவர் முதல் தரம் என்பார், இன்னொருவர் இரண்டாவது என்பார். அந்த லேபிளையே முழுசாக நம்ப முடியாது.

அதனால்தான் லேபிளே இல்லாமல் படித்த மாடல்கள் பக்கம் போனேன். மாமா கேட்ட கேள்வி நியாயமானது: “மாப்ளே, இது தோத்தாபுரி, இது நீலம்னு யாரும் சொல்லிக் குடுக்காம அதுக்கு எப்படிப்பா தெரியும்?” உண்மையில் முதல் முறை கேள்விப்படுகிற எல்லாருக்கும் வருகிற சந்தேகம் இதுதான். இந்த விமர்சனத்தில் பாதி அதற்கான பதில்தான்.

மாடல் படித்தது இமேஜ்நெட் என்ற பொதுப் படத் தொகுப்பில், சுமார் 12.8 லட்சம் படம். அதில் 1000 வகைகளுக்கு லேபிள் உண்டு. பலாப்பழம் இருக்கிறது, சீத்தாப்பழம் இருக்கிறது, மாதுளை, அன்னாசி, வாழைப்பழம் எல்லாம் இருக்கிறது, மாம்பழத்துக்குத் தனி வகை கிடையாது. ஆனால் மோகோ அந்த லேபிள்களைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அது செய்வது வேறு. ஒரு படத்தை எடுத்து அதிலிருந்து தோராயமாக இரண்டு துண்டு வெட்டும். துண்டு படத்தின் ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்கலாம், முழுப் படமாகவும் இருக்கலாம். இரண்டையும் 224க்கு 224 அளவுக்குக் கொண்டுவரும். அப்புறம் ஒவ்வொரு துண்டின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகக் குலைக்கும், பத்துக்கு எட்டு முறை இது நடக்கும். பத்துக்கு இரண்டு முறை நிறத்தை மொத்தமாக எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளை ஆக்கும், பாதி முறை மங்கலாக்கும், பாதி முறை இடம் வலம் திருப்பும். இப்படி உருக்குலைந்த இரண்டு துண்டுகளும் ஒரே படத்திலிருந்து வந்தவை என்று மாடல் கண்டுபிடிக்க வேண்டும். எதற்கு நடுவிலிருந்து? மற்ற படங்களிலிருந்து வந்த 65,536 துண்டுகளுக்கு நடுவிலிருந்து. ஆக ஒவ்வொரு முறையும் 65,537 பேர் நிற்கும் வரிசையில் தன் ஜோடி யார் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த ஜோடியின் எண் வரிசைகள் இன்னும் நெருங்கும்படியும், மற்றவை இன்னும் விலகும்படியும் மாடல் திருத்தப்படும்.

மாமாவுக்கு நான் சொன்னது இப்படி: போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஆட்டு மந்தைக்குள் நுழைந்து, ஒரு காதும் பின்னங்காலும் மட்டும் தெரிந்தாலே இது நம்ம ஆடு என்று ஒருவர் பிடித்து இழுக்கிறாரே, அவருக்கு யாரும் ஆட்டின் ரகத்தைப் பாடம் நடத்தவில்லை. கூட்டத்தில் தன் ஆட்டை அடையாளம் காண வேண்டிய தேவை அவர் கண்ணுக்குக் கொம்பின் வளைவையும் உடம்பின் வாட்டத்தையும் பழக்கிவிட்டது. மாமா இதை உடனே பிடித்துக்கொண்டார்.

இந்த முறையின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், படத்தைக் குலைக்கிற அந்த வேலையில்தான். இதைப் பலரும் சும்மா டேட்டாவைப் பெருக்குகிற வழி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். 2020 பிப்ரவரியில் கூகுள் குழு, டிங் சென், கார்ன்பிளித், நொரூசி, ஹின்டன் நால்வரும், சிம்சிஎல்ஆர் என்ற முறையை வெளியிட்டபோது இதை அழகாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒரே படத்திலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளில் நிறங்கள் கலந்திருக்கும் விகிதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நிறத்தைக் குலைக்காமல் விட்டால் மாடல் குறுக்கு வழியில் போய்விடும். என்ன பொருள் என்று பார்க்கவே வேண்டாம், இவ்வளவு பச்சை இவ்வளவு பழுப்பு என்று கணக்குப் போட்டே ஜோடியைக் கண்டுபிடித்துவிடலாம். நிறத்தைக் குலைத்த பிறகு அந்த வழி அடைபட்டுப் போகும். அப்போது இரண்டு துண்டுகளுக்கும் பொதுவாக மிஞ்சுவது எது? வடிவம், விளிம்பு, தோலின் அமைப்பு, எந்தப் பாகத்துக்குப் பக்கத்தில் எந்தப் பாகம் வரும் என்ற உறவு. வேறு வழி இல்லாமல் மாடல் அதைக் கற்றுக்கொள்கிறது. ஒரு பொருளை எந்தக் கோணத்தில், எந்த வெளிச்சத்தில் பார்த்தாலும் அதே பொருள்தான் என்று தெரிந்துகொள்ள எது வேண்டுமோ அதுவேதான் நமக்கும் மற்ற வேலைகளில் தேவைப்படுகிறது. இந்த எண் வரிசைகள் ஏன் பயன்படுகின்றன என்று ஒருவர் கேட்டால் என் பதில் இதுதான்: எதையெல்லாம் பொருட்படுத்தாதே என்று நாம் சொல்கிறோமோ, அது போக மிச்சம் இருப்பதை மாடல் படிக்கிறது, ட்ரெயினிங்கில் நாம் தேர்ந்தெடுத்த குலைப்பு அந்த மிச்சத்தைப் பொருளின் உருவமாக ஆக்கிவிட்டது.

மற்ற படங்களை விலக்குவது எதற்கு என்று கேட்பார்கள். ஜோடியை நெருக்கு என்று மட்டும் சொன்னால், எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஒரே எண் வரிசையைத் தந்துவிட்டு மாடல் சும்மா இருந்துவிடும். எல்லா ஜோடியும் நூறு சதவீதம் பொருந்தும், ஒன்றும் படித்திருக்காது. விலக்கும் பகுதி இருப்பதால்தான் எண் வரிசைகள் கிடைக்கும் இடமெல்லாம் பரவி நிற்கின்றன. 2020ல் டோங்சோ வாங், பிலிப் ஐசோலா இருவரும் இந்த இரண்டு இழுப்புகளையும் தனித்தனியாக அளந்து காட்டினார்கள்: ஜோடிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன, எண் வரிசைகளை ஒரு கோளத்தின் மேல் புள்ளிகளாக நினைத்துக்கொண்டால் அவை எவ்வளவு சீராகப் பரவியிருக்கின்றன. இரண்டும் நன்றாக இருக்கும் மாடல்தான் பிறகு மற்ற வேலைகளிலும் நன்றாகச் செய்கிறது.

இங்கே இன்னொரு சந்தேகம் வரும், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். ஒவ்வொரு படத்தையும் மற்ற எல்லாப் படத்திலிருந்தும் விலக்கு என்கிறோம். இமேஜ்நெட்டில் 1000 வகை என்றால், 65,536 துண்டுகளில் சராசரியாக 65 துண்டு நம் படத்தின் சொந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். நாயை நாயிடமிருந்தே விலக்கு என்று சொல்கிற மாதிரி ஆகிறதே, அப்படியானால் நாய்ப் படங்கள் எல்லாம் எப்படி ஒரே பக்கத்தில் வந்து சேர்கின்றன? விடைக்கான முதல் குறிப்பு 2018லேயே வந்துவிட்டது. லேபிளோடு படித்த மாடல்களைக் கவனித்தவர்கள், சிறுத்தை படத்தைக் கொடுத்தால் மாடல் ஜாகுவாருக்கு நிறைய மதிப்பெண் போடுகிறது, புத்தக அலமாரிக்குப் போடுவதில்லை என்று பார்த்தார்கள். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று எந்த லேபிளும் சொல்லவில்லை. தோற்ற ஒற்றுமையிலிருந்து தானாக வந்த உறவு அது. மாடலின் கொள்ளளவு ஒரு எல்லைக்கு உட்பட்டது, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு படங்களை வெகுதூரம் பிரித்து வைப்பது அதற்குக் கடினம். புத்தக அலமாரியைத் தள்ளி வைப்பது எளிது. எல்லாவற்றையும் விலக்கு என்ற அழுத்தத்தில் எளிதில் விலகக்கூடியவை தூரப் போய்விடுகின்றன, ஒத்திருப்பவை பக்கத்துப் பக்கத்தில் தேங்கிவிடுகின்றன.

மோகோவின் தனிச்சிறப்பு அந்த 65,536 துண்டுகளை வைத்திருக்கும் விதம். சிம்சிஎல்ஆர் முறையில் ஒரே நேரத்தில் ஏற்றுகிற படங்களே ஒன்றுக்கொன்று எதிராளி, அதாவது விலக்க வேண்டியவை, அதனால் அவர்கள் 4096 படம், 8192 படம் என்று ஒரே மூச்சில் ஏற்றினார்கள், அதற்குக் கூகுளின் டிபியு என்ற சிப்பில் 128 கோர்கள் வரை வைத்து ஓட்டினார்கள். நம் ஊரில் யாரிடம் இருக்கிறது அது? மோகோவில் முந்தைய சுற்றுகளில் கணக்கிட்ட எண் வரிசைகளை ஒரு க்யூவில் போட்டு வைத்துக்கொள்கிறார்கள், புதியது வர வரப் பழையது வெளியே போகும். ஆக 256 படம் ஏற்றினாலே எதிராளிகள் 65,536 கிடைத்துவிடுவார்கள். ஆனால் மாடல் மாறிக்கொண்டே இருக்கும்போது பழைய எண் வரிசையோடு புதியதை ஒப்பிட முடியாதே? அதற்குத்தான் இரண்டாவதாக ஒரு என்கோடர், அதாவது படத்தை எண் வரிசையாக மாற்றும் இன்னொரு நெட்வொர்க். அது தன் எண்களில் 0.999 பங்கைப் பழையபடி வைத்துக்கொண்டு 0.001 பங்கு மட்டும் புதியதை வாங்கிக்கொண்டு மெதுவாக நகரும். அந்த மெதுவான என்கோடர் தந்தவைதான் க்யூவில் நிற்கும், அதனால் பழசும் புதுசும் ஒரே மொழி பேசும். இந்த நிதானத்தை எடுத்துவிட்டு அப்படியே நகல் எடுத்தால் ட்ரெயினிங்கே தேறவில்லை என்று அவர்களே சோதித்து எழுதியிருக்கிறார்கள். சாதாரண ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) வைத்திருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே மோகோவைச் சொல்வேன்.

சரி, எண்ணிக்கைகள். ரெஸ்நெட்-50ஐ மாற்றாமல் அப்படியே உறைய வைத்து, மேலே ஒரு எளிய லீனியர் அடுக்கு போட்டு அதை மட்டும் லேபிளோடு படிக்கவைத்து இமேஜ்நெட்டில் சோதித்தால், மோகோ முதல் வடிவம் 60.6 சதவீதம் சரியாகச் சொல்கிறது, மொத்தப் படங்களையும் 800 சுற்று பார்த்த வி2 71.1 சதவீதம். லேபிளோடு படித்த அதே ரெஸ்நெட் 76.5. இதைப் பார்த்துவிட்டுப் பலர், ஐந்து சதவீதம் குறைவுதானே, அப்புறம் எதற்கு இது என்று போய்விடுகிறார்கள். அடுத்த வரியையும் பார்க்க வேண்டும். பாஸ்கல் விஓசி என்ற இன்னொரு படத் தொகுப்பில் பொருள் எங்கே இருக்கிறது என்று கட்டம் போடும் வேலைக்கு மாற்றினால், லேபிளோடு படித்ததற்கு மதிப்பெண் 53.5, மோகோ வி2க்கு 57.4. லேபிளே பார்க்காதது ஜெயிக்கிறது.

ஏன் என்று நான் புரிந்துகொண்ட விதம் இது. லேபிளோடு படிக்கிற மாடலுக்கு, பச்சை ஆப்பிள் படங்கள் ஆயிரத்துச் சொச்சமும் ஒரே பெயர். அந்த ஆயிரத்துக்குள் இருக்கும் வித்தியாசங்கள், ஒன்றில் அடி, ஒன்றில் இலை, ஒன்று சாய்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை, தூக்கிப் போட்டால்தான் மதிப்பெண். மோகோவுக்கு அப்படி இல்லை. இந்த ஆப்பிளைப் பக்கத்து ஆப்பிளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டும், அதனால் அந்தச் சின்ன விவரங்களையும் கையில் வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. மாங்காய் மண்டியில் நமக்கு வேண்டியதே அதுதான். எல்லாம் தோத்தாபுரிதான், அதில் எது நல்ல காய், எது கறை விழுந்த காய் என்பதுதான் கேள்வி. ஒரே வகைக்குள் இருக்கும் வித்தியாசத்தைத் தூக்கிப் போடாத மாடல் நம் வேலைக்குத் தோதானது.

பயன்படுத்திப் பார்த்ததில் நேரில் கண்டதைச் சொல்கிறேன். வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொரு காயாக வைத்துப் போனில் எடுத்த படங்கள். ஒவ்வொன்றுக்கும் 2048 எண்கள் எடுத்துச் சேமித்துவிட்டு, ஒரு படத்தைக் கொடுத்து இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவை எவை என்று கேட்டேன். காம்படியிலிருந்து பால் ஒரு கோடாக வழிந்து, கீழே வர வர அகலமாகி, நடுவில் கருகியும் ஓரத்தில் பழுப்பாகவும் காய்ந்திருந்த ஒரு தோத்தாபுரி அது. திரும்பி வந்த முதல் வரிசையில் எல்லாம் தோத்தாபுரி, கிளிமூக்கு மாதிரி வளைந்த அந்த நுனி எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் சரி. அதிலும் பாதிக்கு மேல் அதேபோலக் கோடாகப் பால் வழிந்த காய்கள். வட்டமாகப் புள்ளி விழுந்தவை அந்த வரிசையில் பின்னால்தான் வந்தன. மாமா திரையை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார், “கறை வழிஞ்ச வாட்டத்தக்கூடப் பாத்திருக்கு பாரு” என்றார். ஒரு லேபிளும் கொடுக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். அதன் பிறகு தரத்துக்குச் சில பத்துப் படங்களுக்கு மட்டும் மாமாவும் மண்டியில் மூத்தவர் ஒருவரும் சேர்ந்து ஒத்துக்கொண்ட லேபிளைப் போட்டு, எண் வரிசைகளின் மேல் லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற, வகை பிரிக்கும் சாதாரணக் கணக்கு ஒன்றை ஓட்டினேன். ஜிபியு இல்லாத லேப்டாப்பிலேயே கண் மூடித் திறப்பதற்குள் முடிகிறது. ரகம் பிரிப்பது அருமையாக வந்தது, பால் கறையும் அடியும் நன்றாகவே வந்தன.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஃபைலை ஏற்றும்போது உள்ளே க்யூ, இரண்டாவது என்கோடர் எல்லாமே சேர்ந்திருக்கலாம். முதல் என்கோடரை மட்டும் எடுத்துக்கொண்டு, கடைசியில் இருக்கும் 128 எண் தரும் சின்னத் தலையை வெட்டிவிட வேண்டும். அந்தத் தலை ஒப்பிடும் விளையாட்டுக்காக மட்டும் வைத்தது. சிம்சிஎல்ஆர் ஆய்வில் இதற்கு ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது: படம் எந்தப் பக்கம் திருப்பப்பட்டிருக்கிறது என்று தலைக்கு முந்தைய எண்களை வைத்துக் கேட்டால் 67.6 சதவீதம் சரியாக வருகிறது, தலைக்குப் பிந்தைய எண்களை வைத்துக் கேட்டால் 25.6, அதாவது நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்வதற்குச் சமம். பொருட்படுத்தாதே என்று நாம் சொன்ன விவரங்களைக் கழற்றிப் போடும் வேலையைத் தலை ஏற்றுக்கொள்கிறது, அதனால் முந்தைய அடுக்கு வளமாக இருக்கிறது.

இப்போது அந்தக் குறைந்த ஒரு நட்சத்திரம். பழுத்த பதம் பார்ப்பதில் இது தேறாது. ட்ரெயினிங் முழுக்க நிறத்தைக் குலைத்துக் குலைத்து, பச்சையும் மஞ்சளும் ஒன்றுதான், கறுப்பு வெள்ளையும் ஒன்றுதான் என்று பழக்கியிருக்கிறார்கள். பச்சைத் தோத்தாபுரியும் மஞ்சள் திரும்பிய தோத்தாபுரியும் அதன் கண்ணுக்கு வெகு நெருக்கம். நாய், கார், நாற்காலி போன்றவற்றுக்கு அது சரியான பாடம், மாம்பழத்துக்குப் பொருந்தாத பாடம். ஒரு வேலைக்குத் தேவையில்லாத மாற்றம் இன்னொரு வேலைக்கு உயிர்நாடி என்பதை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் 2020லேயே விரிவாகச் சோதித்துக் காட்டினார்கள். வழி எளிதுதான்: பழத்தின் பகுதியை மட்டும் எடுத்து நிறக் கணக்கைத் தனியாக எழுதி, அந்தச் சில எண்களை 2048 எண்களோடு ஒட்டிவிடுங்கள். உருவத்தை மோகோ பார்த்துக்கொள்ளும், பதத்தை நிறக் கணக்கு பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு இது போதுமானதாக இருக்கிறது.

இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்கள், பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கும்தான், இதே ஃபைலிலிருந்து தொடங்கி நம் ஊர் மாங்காய்ப் படங்களில் லேபிள் இல்லாமலே மேற்கொண்டு ட்ரெயின் செய்யலாம். ஆனால் இமேஜ்நெட்டுக்கு வைத்த குலைப்பு அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறத்தின் சாயலை மாற்றுவதையும் கறுப்பு வெள்ளை ஆக்குவதையும் நிறுத்துங்கள், வெளிச்சம் மட்டும் கூடிக் குறையட்டும், மண்டியில் காலை வெயிலும் மத்தியான நிழலும் மாறத்தான் செய்யும். துண்டு வெட்டும் அளவில் இன்னும் கவனம் வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு என்று வெட்டினால் ஒரு துண்டில் ஈ குத்திய இடம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, இரண்டும் ஒன்றுதான் என்று நாமே மாடலுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம், அது அந்தக் குத்தைப் பொருட்படுத்தாமல் இருக்கக் கற்றுக்கொள்ளும். பாதிக்குக் கீழே வெட்டாதீர்கள். மங்கலாக்குவதும் அப்படித்தான், ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோயின் ஆரம்பப் புள்ளிகள் முதலில் காணாமல் போவது அதில்தான். தலைகீழாகத் திருப்புவதைத் தாராளமாகச் சேர்க்கலாம், காய் எந்தப் பக்கம் கிடந்தாலும் காய்தான்.

நிறத்தைக் குலைக்காமல் விட்டால் பழைய குறுக்கு வழி திறந்துகொள்ளுமே என்று கேட்டால், ஆமாம், திறக்கும். அதற்கு நல்ல மாற்று, ஒரே காயின் அதே பக்கத்தை வெவ்வேறு வெளிச்சத்தில், வெவ்வேறு போனில் எடுத்து, அந்த இரண்டு படங்களையே ஜோடியாகக் கொடுப்பது. செயற்கையாகக் குலைப்பதைவிட உண்மையில் நடக்கிற மாற்றமே பாடமாகிவிடும். இன்னொன்று, குவியலாகக் கிடக்கும் மாங்காயை எடுக்காதீர்கள். இமேஜ்நெட் படங்களில் பெரும்பாலும் நடுவில் ஒரே பொருள் இருக்கும், எங்கே வெட்டினாலும் அதன் மேல்தான் விழும். குவியலில் ஒரு துண்டு நல்ல காயிலும் இன்னொரு துண்டு அழுகிய காயிலும் விழுந்தால் இரண்டும் ஒன்று என்று ஆகிவிடும். பின்னணியும் அதே கதைதான். பிளாஸ்டிக் கிரேட்டுக்குள் வைத்து எடுத்த படங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, காயின் தரத்தை விட்டுவிட்டு கிரேட்டின் கட்டம் கட்டமான ஓட்டைகளை வைத்தே படங்கள் ஒன்று சேர்ந்தன. வெள்ளைத் துணியோ சாக்கோ, ஒன்றையே விரித்து எடுங்கள்.

மற்ற மாடல்களோடு ஒப்பிட்டால், இந்த முறைகளில் எதிராளிகளே தேவையில்லாத பியோல், சிம்சியாம் இரண்டும் 2020லேயே வந்துவிட்டன, விலக்கும் பகுதி இல்லாமலும் அவை ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே விடை சொல்லிக் கவிழ்ந்துவிடுவதில்லை என்பது சுவையான விவாதம். படத்தோடு அதன் விவரிப்பையும் ஜோடி சேர்க்கிற கிளிப் 2021ல் 40 கோடி ஜோடிகளில் படித்தது, எழுத்தால் தேட வேண்டும் என்றால் அதுதான். 2023ல் வந்த டைனோ வி2 14.2 கோடி படங்களில் படித்தது, பெரிய மாடலை ஓட்ட வசதி இருந்தால் பல வேலைகளில் அது இன்னும் நன்றாகவே செய்யும். நான் மோகோவைச் சொல்வது சின்ன மெஷினில் ஓடுகிறது, மேற்கொண்டு ட்ரெயின் செய்வது கைக்கு அடக்கமாக இருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறது என்ற மூன்று காரணத்துக்காக. வியாபாரத்துக்குப் பயன்படுத்துபவர்கள் எந்த மாடலானாலும் இறக்கும் இடத்தில் உரிம விவரத்தைப் படித்துவிட்டு இறக்குங்கள்.

யாருக்கு வேண்டாம் என்றால், மாங்கொட்டையைத் துளைக்கும் வண்டு மாதிரி உள்ளே இருக்கும் சேதத்தைக் கண்டுபிடிக்க நினைப்பவர்களுக்கு. தோலில் தெரியாததை எந்தப் போன் படமும் சொல்லாது. அதேபோல லட்சக்கணக்கில் நம்பகமான லேபிள் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் நேராக லேபிளோடு ட்ரெயின் செய்துகொள்ளலாம், அவர்களுக்கு இதன் லாபம் குறைவு.

மண்டிக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சீசனில் தரம் எழுதுவது பற்றிக் கவலைப்படாமல் படம் மட்டும் எடுத்துச் சேருங்கள், ஒரு படத்துக்கு ஒரு காய், அதே காயைக் காலையில் ஒருமுறை வெளியில் வைத்தும் மறுபடி கொட்டகைக்குள் வைத்தும். தோத்தாபுரி நிறையக் கிடைக்கிறது, நீலமும் மல்கோவாவும் எங்களிடம் குறைவு, அந்த ரகப் படங்கள் வைத்திருப்பவர்கள் தந்தால் எல்லாருக்கும் பயன்படும் மாதிரி ஒரு மாடல் ட்ரெயின் செய்து இலவசமாகவே போட்டுவிடலாம்.